கீழ்க்குரல்காரர்கள்

மாதா கோயில் பாடகர் குழுவில் காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்துவிட்டு யேசுதாஸ் சார் ஆர்மோனியத்தை மூடினார். கீழ்க்குரல் பாடும் நாலு பேரும் இன்றைக்கும் வராவிட்டால் திருவிழாவுக்கு என் பாட்டு கிடையாது, பழைய பாட்டுதான் என்றார்.

நான் மெட்டுப்போட்ட முதல் பாட்டு அது. பகலில் நான் தங்கச்சிமடத்தில் வாத்தியார். மாலையில் சாரிடம் இசை வகுப்பு. சார் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் குழுவோடு போர்க்காலத்தில் கொரியா போய்வந்தவர். அங்கே கூரை பறந்துபோன ஒரு கோயிலில், பாக் என்ற இளைஞன் மெட்டுப்போட்ட பாட்டைக் கேட்டாராம். எல்லாரும் அதைப் பாடிக்கொண்டிருக்க, அவன் கடைசி வரிசையில் அடுத்த பாட்டை எழுதிக்கொண்டிருந்தானாம். எனக்கு இந்த ஒன்றை முடிக்கவே ஒரு மழைக்காலம் பிடித்தது. எழுதி எழுதி அழித்ததில் தாளின் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது.

நாலு பேரும் ஒரே வள்ளத்துக்காரர்கள். கரைக்கு ஓடினேன். அவர்களில் ஒருவரான செபஸ்தியான் அண்ணன் தூரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். காற்று காதை அடைத்தது.

"அண்ணே, இன்னைக்குப் பாட்டு உண்டா?" என்று கத்தினேன்.

"இன்னைக்குக் கெடையாது. நாளைக்கும் சந்தேகந்தான்," என்று கையை விரித்தார்.

மெட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாம் அடி எனக்கே சந்தேகம்தான். திரும்பிவந்து, பழையதையே வைத்துக்கொள்ளலாம் சார் என்றேன். அவர் பழைய பாட்டைத் தேடி எடுப்பதற்குள் நாலு பேரும் காலெல்லாம் மணலோடு வந்து நின்றார்கள்.

"கெடையாதுன்னீகளே அண்ணே?"

"பாடு உண்டான்னு கேட்டீக. மீனு ஒண்ணும் படல, கெடையாதுன்னேன். வெறும் வலையோட வேற எங்கன போக, பாடத்தான் வந்தோம். பதில் சொல்லி வாய மூடல, நீங்க பாட்டுக்கு ஓடுறீக."

நான் கரையைவிட்டு உள்ளே தள்ளிய கடலாடிப் பக்கத்துக்காரன். மீன் கிடைப்பதை இந்தக் கரையில் பாடு என்பார்கள் என்பது தெரிந்தும் அந்தக் காற்றில் தோன்றவில்லை. சார் சிரித்தபடியே ஆர்மோனியத்தைத் திறந்தார்.

மூன்றாம் அடியில் நான் குறுக்கி எழுதியிருந்த சுரத்தை நாலு பேரும் வலை இழுப்பதுபோல நீட்டினார்கள். தப்பு என்று கையைத் தூக்கினேன். சார் தலையசைத்துத் தடுத்தார். மற்ற குரல்களெல்லாம் அந்த நீட்டலுக்காகக் காத்திருந்து, சேர்ந்து ஏறின. தூக்கிய கையை மெல்ல இறக்கினேன்.

பென்சில் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர்கள் இன்னும் பாடி முடிக்கவில்லை. தாளைத் திருப்பினேன். ஓட்டைக்கு வலப்பக்கம் அடுத்த பாட்டைத் தொடங்கக் கொஞ்சம் இடம் இருந்தது.