நாச்சியார்குளத்து மறுகால் வலை

மாலை வகுப்பில் ஆளுக்கொரு நீர்நிலையை எடுத்துக்கொண்டு அதன் அமைப்பையும் வரலாற்றையும் எழுதி வரச் சொன்னார்கள். நான் நாச்சியார்குளத்தை எடுத்தேன். காரணம் சோம்பல்தான். எங்கள் தெருவே குளத்துக்குள் இருக்கிறது.

கிழக்கே அரைவட்டமாக மண்கரை. ஆற்று அணைக்கட்டில் பிரியும் கால்வாய் வடமேற்கு மூலையில் வந்து விழுகிறது. தெற்குக் கோடியில் மறுகால், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல்தளம். கரையில் மூன்று மடைகள். ஒன்றின் மேல் இப்போது சாலை போகிறது. இன்னொன்றின் வயல்களில் கல்யாண மண்டபங்கள். மூன்றாவதில் மட்டும் நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய்கிறது. குளத்தை வெட்டியது யாரென்று கேட்டால் பாண்டியர் என்கிறார் ஒருவர், நாயக்கர் என்கிறார் ஒருவர். கல்வெட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவைத்தேன்.

வயல் குறைந்ததும் தூர்வாரச் சொல்லிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. மேற்கு ஓரம் வண்டல் ஏறி மேடானது. மேட்டில் வீடுகள் வந்தன. அதுதான் எங்கள் உள்வாய்த் தெரு. அப்பா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டும்போது அது காய்ந்த தரை என்று அம்மா சொல்வாள்.

இந்த வருடம் குளத்து மீன் குத்தகையைத் தெருவே சேர்ந்து எடுத்தது. வீட்டுக்கு ஒரு பங்கு. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு மணிராஜ் அண்ணாச்சி. மீன்குஞ்சு வாங்குவதற்காகத் தன் லோடு ஆட்டோவை விற்றிருந்தார். குளம் பெருகும்போது மீன் வெளியே போய்விடாமலிருக்க, குத்தகைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது போல, மறுகால் மேல் கம்பு ஊன்றி வலை கட்டினார்.

அளவெடுக்கப் போன இடத்தில் அந்த வலையைப் பார்த்தேன். குளம் முழுக்க ஆகாயத்தாமரை. தண்ணீர் இழுக்கும்போது அது வந்து வலையில் அடைத்தால் வலை சுவராகிவிடும். பிறகு தண்ணீர் வலையின் உச்சிவரை ஏறித்தான் வழிய வேண்டும். அந்த உச்சி எங்கள் வாசல்களைவிட உயரமா, தாழ்வா?

நிற்கிற தண்ணீர் எங்கும் ஒரே மட்டம். அதிலிருந்து வலையின் உச்சியை அளந்தேன். தெருப்பக்கம் வந்து வாசற்படிகளை அளந்தேன். வலைதான் உயரம். மறுநாள் அளந்தபோது வேறு கணக்கு வந்தது. காற்றில் தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை வேறொன்று. ஆனால் எந்தக் கணக்கிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு கதவிலும் ஒரு கோடு போட்டேன்.

"ஏட்டி முத்துராணி, பெருநாளுக்கு அடிச்ச பெயிண்டுட்டி அது!" என்று எதிர்வீட்டு ஜுபைதா பீவி சித்தி கத்தினாள்.

"தண்ணி இதுவரை வரலாம் சித்தி."

"வந்தா வரட்டும். கதவைத் தட்டிட்டு வருமா, தட்டாம வருமா?"

தெருவே சிரித்தது. மணிராஜ் அண்ணாச்சி மட்டும் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"முன்ன வந்த அம்புட்டுப் பெரிய வெள்ளத்துக்கே படியோட நின்னுட்டு. இப்ப உள்ள வருமாங்கே?"

"அந்த வருசம் குத்தகை கிடையாது, வலையும் கிடையாது அண்ணாச்சி."

"சரி, உறுதியாச் சொல்லுதியா? சொல்லு, இப்பவே அவுத்துருதேன்."

"அரையடி முன்னப்பின்ன இருக்கலாம்" என்றேன்.

"அரையடிக்காக ஆறு மாச மீனை விடச் சொல்லுதா உம் மக" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டுப் பங்கு அம்மா பெயரில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். வலை அப்படியே இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் விடாமல் மழை. கால்வாய் கரை தொட்டு வந்தது. ஒரு காலையில் குளம் நிரம்பி மறுகாலில் தண்ணீர் வழிந்து விழுந்தது. தெருவே போய்ப் பார்த்தது. வலைக்கு இந்தப்புறம் கட்லா மீன்கள் முதுகு தெரியப் புரண்டன. மத்தியானத்துக்குள் ஆகாயத்தாமரை வந்து அடைத்தது. இன்னொரு பங்குக்காரனான சுடலைராஜும் இன்னும் நாலு பேரும் தொரட்டியால் இழுத்துப் போட்டார்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மறுகாலுக்கு அந்தப்புறம் வழிவது குறைந்தது. இந்தப்புறம் ஏறியது. தெருவில் வாசல்களின் கீழ்ப்படி முழுகிவிட்டதாக ஜுபைதா பீவி சித்தி ஓடி வந்து சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் அரிவாளோடு நின்றார்.

"ஏட்டி, இங்கன வா. இப்பச் சொல்லு. வருமா?"

நான் அளந்தது காற்றடித்த தண்ணீரில். கம்புகள் அழுத்தம் தாங்காமல் தானாகச் சாயலாம். கால்வாயில் வரத்துக் குறையலாம். எல்லாம் மனதில் ஓடியது.

"உறுதியாத் தெரியாது அண்ணாச்சி. அறுத்துருங்க."

"தெரியாதுங்கே. அறுக்கவும் சொல்லுதே."

"ஆமா."

அவர் சுடலைராஜைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான். அரிவாள் முதல் கம்பில் விழுந்தது. மூன்றாவது கம்போடு வலை மொத்தமாகச் சுருண்டு போனது. செடியும் தண்ணீரும் மீனும் ஒன்றாகப் போயின. சத்தம் பெரிதாக இருந்தது.

தண்ணீர் இரண்டாம் படிக்குக் கீழே நின்று, சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. ஒரு வீட்டுக்குள்ளும் வரவில்லை.

"படியோடதான நின்னுச்சு. இதுக்கா அறுத்தோம்?" என்று சுடலைராஜ் எனக்குக் கேட்கும்படி சொன்னான். வலை இருந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்பதை இனி யாரும் அளக்க முடியாது.

மறுநாள் காலை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா வந்திருக்குமாட்டி?"

"வந்திருக்கும்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்கே" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. "கீழ போய்ப் பாப்போம், வா."

மறுகால் ஓடையோடு நடந்து வயல்வரை போனோம். வரப்பெல்லாம் முகம் தெரியாத ஆட்கள், கையில் கொசுவலையும் கூடையுமாக. வாழைக்குள் தேங்கிய தண்ணீரில் ஒருவர் தனியாக வேட்டியை விரித்துப் போராடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெரிய கட்லா.

"வாங்க அண்ணாச்சி, சும்மா பாத்துட்டு நிக்கீங்க! எல்லாம் ஆத்து மீனு, யாரு வேணாலும் அள்ளலாம். அந்த முனையப் பிடிங்க."

மணிராஜ் அண்ணாச்சி சேற்றில் இறங்கி வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.