நான்காவது பக்கம்

விட்லோ சாருக்கு எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. துபாய் அலுவலகத்தில் ஏழு வருடமாக நான் அவருடைய செக்ரட்டரி. கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவார். பேச்சை நீட்டினால் மேடையேறி அப்படியே வாசிப்பார். அந்தச் சோம்பேறித்தனம் எனக்குக் கைகொடுக்கும் நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

என் தம்பி பிரைட், அபுதாபி பக்கம் ருவைஸில் எங்கள் கம்பெனி சைட்டில் சாரம் கட்டும்போது விழுந்து செத்தான். பாதுகாப்பு பெல்ட்டை அவனே கழற்றிவிட்டதாக ரிப்போர்ட் எழுதியவர் விட்லோ. அந்த ஒரு தாளை மட்டும் என்னிடம் தராமல் அவரே டைப் செய்தார். அதன் நகல் சவப்பெட்டியோடு எங்கள் ஊர் முட்டத்துக்குப் போனது. திமிரெடுத்து விழுந்தான் என்று ஊரே பேசியது. அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஃபோர்மேன் பத்திநாதன் அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்: "பெல்ட்டே குடுக்கல மக்களே. அவன் ரெண்டு தடவ கேட்டான். வெளிய சொன்னா எனக்க விசா போவும்."

கம்பெனி ஆண்டு விழா வந்தது. தன் கொள்ளுத்தாத்தா எஸ்ராவைப் பற்றிப் பெருமையாக எழுதித் தரச் சொல்லி, பழைய காகிதக்கட்டு ஒன்றை விட்லோ என் மேஜையில் போட்டார். எஸ்ரா நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் வக்கீல். பஞ்சாலைத் தொழிலாளிகளுக்காக வாதாடி, மூன்று தேர்தலில் தோற்று, நாலாவதில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனவர். வேலையில் நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பேற்கும் சட்டம் ஒன்றுக்காக ஆறு வருடம் மல்லுக்கட்டினார். ஆலை முதலாளிகள் சேர்ந்து அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். மனிதர் அசராமல் திரும்பக் கோர்ட்டுக்கே போனார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அவருக்கு வாய்த்த கொள்ளுப்பேரனைப் பாருங்கள்.

விழாவில் முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்கள். பின்னால், நாற்காலியை நிரப்ப பஸ்ஸில் கூட்டிவந்த தொழிலாளர்கள். விட்லோ மூன்று பக்கம் முழங்கினார். எஸ்ராவின் சட்டசபைப் பேச்சை வாசிக்கும்போது குரல்கூடத் தழுதழுத்தது.

"செத்தவன்தான் கவனமில்லாதவன் என்று முதலாளி எழுதுகிறார். செத்தவனால் மறுத்து எழுத முடியாது என்று அவருக்குத் தெரியும். அப்படியொரு தாளை இப்போது வாசிக்கிறேன்."

கைதட்டலுக்கு நடுவே நான்காவது பக்கத்துக்குப் புரட்டி, அதே குரலில் தொடர்ந்தார்.

"ருவைஸ் சைட். பெயர் பிரைட். வயது இருபத்தாறு. இறந்தவர் தன் பெல்ட்டைத் தானே..."

நின்றுவிட்டார். மைக்கை அணைக்க மறந்து, இதை எழுதியது யார் என்று மேடையோரம் நின்ற என்னைக் கேட்டார்.

"நீங்கள்தான் சார். கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா.

பின்வரிசையில் பத்திநாதன் அண்ணன் எழுந்தார். "பெல்ட் நஹி தியா, சார்" என்று இந்தியில் சொன்னார். பிறகு கேமரா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பெல்ட் குடுக்கல. அவன் கேட்டான்."

விழாவைக் கம்பெனியே நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. அதன் லிங்க்கைக் காலையிலேயே அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன்.