மருந்து கலந்த தண்ணீர்

கரட்டுப்பாளையம் நகராட்சியின் தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து ஏற்றிவந்த வேன் கவிழ்ந்தது. கேன்கள் உடைந்து மருந்து தொட்டிக்குள் வடிந்துவிட்டது. குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் இனியா வேலையில் குறை வைக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினாள். விஷத்தை இழுக்க மூட்டை மூட்டையாகக் கரித்தூளைக் கொட்டிக் கலக்கச் செய்தாள். வால்வைத் திறந்து குழாயில் நின்றதையெல்லாம் சாக்கடைக்கு விட்டாள். ஆனால் அதற்குள் மேட்டுத்தெருவுக்குக் காலைத் தண்ணீர் போய்விட்டிருந்தது.

ஊருக்குச் சொல்ல வேண்டுமே. நகராட்சி அறிவிப்புக்கு வழக்கமாக வரும் முனீரின் ஆட்டோவில் மைக் கட்டியாகிவிட்டது. 'தண்ணீரில் பூச்சிமருந்து கலந்துவிட்டது' என்று எழுதியவளுக்குக் கை கூசியது. ஊரே திரண்டு வந்து முகத்துக்கு நேரே கேட்குமே என்று பயந்தாள். 'பூச்சி'யை அடித்தாள். 'தண்ணீரில் மருந்து கலந்துள்ளது. நாளை வரை சப்ளை இல்லை. பிடித்த தண்ணீரைக் கவனமாகப் பயன்படுத்தவும்.' ஆபீஸ் தமிழ் என்றால் இப்படி வழவழவென்றுதானே இருக்கும்! முனீர் அதைத் தெருத்தெருவாக முழங்கிவிட்டு வந்தார்.

மதியம் அதே ஆட்டோவில் இனியா மேட்டுத்தெருவுக்குப் போனாள். வாசலுக்கு வாசல் குடங்கள் நிறைந்து, தட்டுப் போட்டு மூடியிருந்தன. முதல் வீட்டுச் சின்னாயி சொம்போடு ஓடிவந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க சாமி. மருந்து போட்ட தண்ணிதானுங்க, கிருமி இருக்காது. நாளைக்கு வராதுன்னாங்க, சிக்கனமா வெச்சிருக்கறமுங்க."

குளோரின் போடுவதை அந்த ஊரில் மருந்து போடுவது என்றுதான் சொல்வார்கள். இனியாவும் தினம் அப்படித்தான் சொல்வாள். சொம்பை வாங்கி வாசலிலேயே கொட்டினாள்.

"யாராச்சும் குடிச்சீங்களாக்கா?"

"என்ற புள்ளதானுங்க. பசியில்லீன்னு படுத்திருக்கறா. ஏனுங்க?"

இனியா உள்ளே ஓடினாள். சிறுமியின் வாயோரம் எச்சில் ஒழுகியது. கை கால் வெட்டிவெட்டி இழுத்தது. அள்ளிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினாள். சின்னாயி அலறிக்கொண்டே பின்னால் ஏறினாள்.

"மருந்துன்னுதானுங்களே சொன்னாங்க!"

"பூச்சிமருந்துக்கா. நாந்தான் பூச்சிங்கறத எடுத்துட்டேன்."

"எதுக்குங்க எடுத்தீங்க?"

"எல்லாரும் என்னய வைவீங்கன்னு." சொல்லும்போதே இனியாவுக்கு உடம்பெல்லாம் கூனிக் குறுகியது. அந்த நிமிடம் சின்னாயி ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

சின்னாயி வையவில்லை. மகளின் வாயை முந்தானையால் துடைத்தபடி சொன்னாள்.

"அந்த மைக்க எடுத்து இப்பவாச்சும் சொல்லிப்போடுங்க சாமி. மத்த ஊட்டுலயும் புள்ளைக இருக்குதுங்க."