ருசி பார்ப்பது கணக்கில் வராது

என் கணவர் ரொட்டி மாஸ்டர். பத்தொன்பது வருடமாக ஒரே பேக்கரி. ஒரு வருடமாக வயிறு உப்புசம், மதியமானால் தலைவலி. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் உணவு ஆலோசகர் அம்மா ஒருவர் வழி சொன்னார். மூன்று வாரம் கோதுமை, பால், முட்டை, கடலை எதுவும் கூடாது. வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எது வம்பு செய்கிறதோ அதுதான் ஆள். வாய்க்குள் போவதையெல்லாம் நோட்டில் எழுதவேண்டும்.

எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் அவர் சோறும் வேகவைத்த பூசணிக்காயுமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். வயிறு மட்டும் மசியவில்லை.

"பாத்தியா, கோதுமைக்கும் எனக்கும் சண்டையே இல்ல" என்றார். அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் பேக்கரிக்குப் போனேன். பிசைந்த மாவில் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். அடுத்த மாவுத் தொட்டியிலும் அப்படியே. நின்று எண்ணினேன். பத்து நிமிடத்தில் நாலு தடவை.

"என்ன பண்றீங்க?"

"உப்பு பாக்கறேன்."

"திங்கறீங்க."

"இதையெல்லாம் யாராவது சாப்பாடுன்னு சொல்வாங்களா? இது வேலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரப் பூசணிக்காயும் வீண்.

பத்தியத்தை முதலிலிருந்து தொடங்க முதலாளி லீவு கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "மாவை ருசி பாக்காம ரொட்டி போடறவர் மாஸ்டர் இல்ல. கோதுமைதான் ஆகலைன்னா, கல்லாவுல உக்காந்துக்குங்க." வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க என் கணவருக்கு வராது. அவருக்கு அது தண்டனை.

மறுபடி மூன்று வாரம். நாலாம் நாளே தலைவலி போனது. இடுப்பு பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே வந்தது. பிறகு மூன்று நாள் பால், ஒன்றுமில்லை. முட்டை, ஒன்றுமில்லை. கடலையும் ஒன்றும் செய்யவில்லை. நன்றாக இருக்கிறோம் என்பதற்காக முகம் தொங்கிப்போன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியாகக் கோதுமை. காலையில் இரண்டு துண்டு ரொட்டி தின்றார். மதியம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

"எழுது" என்றார். எழுதினேன். எனக்கு அழுகை வந்தது.

மாவைத் தொடலாம், வயிற்றுக்குள்தான் போகக்கூடாது என்றார் ஆலோசகர் அம்மா. என் கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எனக்குப் பதிலா நீ ருசி பாரேன்" என்றார். சோதித்துப் பார்க்க முதலாளி ஒரே ஒரு நாள் தந்தார்.

தலையில் துணி கட்டிக்கொண்டு போய் நின்றேன். முதல் தொட்டியிலிருந்து ஒரு கிள்ளு மாவு நீட்டினார். சப்பென்று இருந்தது. நிமிர்ந்தால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் முதலாளி. முதலாளி எதிரில் இவர் மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நல்லாருக்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"உப்பு பத்தல" என்றேன். "பாதிகூட இல்ல."

என் கணவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கிண்ணம் உப்பை எடுத்தார்.

"பாதிதான் போட்டேன். நீ பாவம் பாத்து நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா, நானே கல்லாவுக்குப் போயிருப்பேன்."