தலைகீழாக நட்ட குச்சிகள்

நாற்றுப் பண்ணையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குச்சி வெட்டுகிறவன் மட்டும் கூப்பிட மாட்டான். வயது நாற்பத்திரண்டு, முன்வழுக்கை, கல்யாணம் ஆகவில்லை, மனசுக்குள் மூன்று வருஷத்து ஆசை. இந்த லட்சணத்தில் அக்கா என்று வேறு சொல்லிவிட்டால் கதை கந்தல். அதனால் அவனுக்கு அவள் "இங்க பாருங்க"தான்.

செம்பருத்தித் தண்டை அவன் சாண் நீளத்துக்கு வெட்டுவான். தலைப்பக்கம் நேர்வெட்டு, அடிப்பக்கம் சாய்வெட்டு. சாய்ந்த முனையை அவள் மண்பையில் செருகுவாள். வேர் அடிமுனையில்தான் விடும். தலை எது, கால் எது என்று வெட்டுப்பட்ட பிறகும் தண்டுக்கு மறக்காது. மாற்றிச் செருகினால் காய்ந்துபோகும்.

மாசப் பிறப்பன்று மண்ணை அள்ளிக்கொண்டே அவள் சொன்னாள்: "தங்கச்சி அவ ஊர்ல தையல் கடை போட்டிருக்கா. தனியா ஏன் கெடக்கறே, வந்துடுங்கறா. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

"நல்லதுதானே" என்றான். வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு அந்த நேரம் பார்த்து மேல்வாயில் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்கக் கை தன்பாட்டுக்கு வெட்டியது. தலையில் சாய்வு, அடியில் நேர். அவன் கவனிக்கவே இல்லை. அவளும் சாய்ந்த முனையைச் செருகிக்கொண்டே போனாள்.

மாசக் கடைசியில் மேஸ்திரி ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார். நூலளவு வேர்கூட இல்லை.

"என்னய்யா, செடிக்கு சிரசாசனம் கத்துக் குடுக்கறியா? ரெண்டு பேரும் மொத்தத்தையும் மறுபடி நடுங்க."

அவர் போனதும் அவன், "என்னால உங்களுக்கும் திட்டு" என்றான்.

"மொட்டெல்லாம் மண்ணைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. மொதக் குச்சியிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நட்டீங்க?"

"மறுபடி நடச் சொல்வாங்க இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமேன்னுதான்."

அவன் கத்திரியைக் கீழே வைத்தான். "போகாதீங்க."

அவள் நிமிரவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இத்தனை குச்சி செத்திருக்காது."

"தங்கச்சிகிட்ட நான் பேசட்டுமா?"

"உங்க வாயை வெச்சுக்கிட்டா? வேணாம்." கொஞ்ச நேரம் மண்ணையே அளைந்தாள். "வர்றேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். இது வேர் விடற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாக்கலாம்."

அவன் புதுத் தண்டு ஒன்றை எடுத்தான். மாற்றி வெட்டச் சொல்லிக் கை துறுதுறுத்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காகவே வெட்டினான், ஆனால் ரொம்ப மெதுவாக.