பொன்னி சொன்ன இடது பக்கம்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் பொன்னி பெங்களூருக்குக் கிளம்பினாள். மகள் ஓவியாவுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் ஓவியாவால் தாய்வீட்டுக்கு, வேங்கிக்காலுக்கு, வர முடியவில்லை. அம்மாதான் போக வேண்டியதாயிற்று. தெருவில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பொன்னி அடுப்படியின் பின்வாசலில் நின்று புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, நல்லா கேட்டுக்குங்க. இடது பக்கத்துப் பாத்தி குதிரைமசால், கோழிங்களுக்கு. வேரோட புடுங்கிடாதீங்க, அரிஞ்சி போட்டா மறுபடி துளுக்கும். வலது பக்கம் வெந்தயக்கீரை, நமக்கு. அதைப் புடுங்கிக்கலாம். பனிக்காலத்துல பச்சை இல்லாம வுட்டா முட்டை கம்மியாயிடும்."

ஆதிமூலம் தோட்டத்துக் கோடியில், தண்ணீர்த் தொட்டியருகே நின்று குழாயை மூடிக்கொண்டிருந்தார். "சரி சரி, நீ கெளம்பு" என்றார்.

அரசு அலுவலகத்தில் உதவியாளர் அவர். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஆனால் பின்கட்டில் நாலு செடியும் பதினொரு கோழியும் எப்படி வளர்கின்றன என்று ஒருநாளும் கவனித்ததில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் இரண்டு பாத்தியும் ஒன்றுபோலவே இருந்தன. இதிலும் மூன்று மூன்று இலை, அதிலும் மூன்று மூன்று இலை. கிள்ளி மோந்து பார்த்தார். கொரோனா காய்ச்சலுக்கு அப்புறம் அவர் மூக்குக்கு எந்த வாசனையும், நாக்குக்கு எந்த ருசியும் சரியாக எட்டுவதில்லை. தொட்டியருகே, முந்தின நாள் நின்ற அதே இடத்தில் போய் நின்று, இடது கையை நீட்டி நிச்சயப்படுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒன்றும் சரிப்படவில்லை. அரிந்து போட்ட தழையைக் கோழிகள் ஒரு கொத்து கொத்திவிட்டு அலகைத் தரையில் துடைத்துக்கொண்டு போயின. அரிந்த இடத்தில் துளிரும் வரவில்லை. சமையலுக்கென்று வலது பக்கச் செடியைப் பிடுங்கினால் வரமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் இழுத்தபோது வேர் பாதியில் அறுந்து, அவர் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். கீரைக்கு இத்தனை ஆழமாகவா வேர் போகும்? முட்டை ஏழிலிருந்து மூன்றாயிற்று. குளிர்தான் காரணமா, தன் கைதான் காரணமா என்று புரியவில்லை.

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் அன்பரசன் ஒருநாள் அவர் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னா கீரைண்ணே இது?"

"வெந்தயக்கீரை கூட்டு."

"வெந்தயமா? கசப்பே காணோம்?" மறுபடி மென்றான். "நல்லாத்தான் கீது. ஆனா நார் நாரா இருக்குதே."

பொன்னியிடம் கேட்கலாமென்றால், போன் எடுத்ததும் பின்னால் குழந்தை அழும். "அப்புறம் பேசுறேங்க" என்று வைத்துவிடுவாள். இத்தனை தெளிவாகச் சொன்னதை மறுபடி கேட்கவும் கூச்சமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். "தோட்டத்தக் காட்டுங்க." அவர் போனைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாத்தியில் காய்ந்த அடித்தண்டுகள். மற்றதில் குழி குழியாக மண், ஓரத்தில் நாலு செடி, பக்கத்தில் அறுந்த வேர்கள்.

பொன்னி திரையருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ஏங்க, எங்க நின்னு இடதுன்னு பாத்தீங்க?"

"தொட்டிகிட்ட."

"நான் அடுப்படி வாசப்படியில இல்ல நின்னு சொன்னேன்!"

அவர் எதிரெதிரே இருந்த வாசப்படியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் இடது அவருக்கு வலது. "அப்போ நான் தின்னது?"

"கோழித் தீவனம்!"

திரை குலுங்கியது. அவள் முகம் மறைந்து கூரை தெரிந்தது. விட்டுவிட்டு ஏதோ சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா, ஆசையாய் வளர்த்த பாத்தி போயிற்றென்று அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "பொன்னி, பொன்னி" என்று கூப்பிட்டார். ஓவியாதான் போனை வாங்கினாள். "அம்மாவுக்கு மூச்சு வாங்குது நைனா. உங்களுக்கு வயிறு நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. இன்னும் நல்லாக்கூட இருக்குது."

மறுநாள் ஞாயிறு. மிஞ்சிய நாலு செடியையும் மண்ணணைத்து, தண்ணீர் விட்டு, நுனியை மட்டும் அரிந்து போட்டார். கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. பத்து மணிக்குப் பொன்னி கூப்பிட்டாள். குழந்தை தூங்குகிறதாம்.

"செம்பருத்தி தின்னுச்சா?"

"செம்பருத்திச் செடி நம்ம வூட்ல ஏது?"

"ஐயோ, அது கோழி பேருங்க! சிவப்புக் கொண்டை. அவளைத் தீனி கிட்ட மொட்டச்சி வுடமாட்டா."

பதினொன்றுக்கும் பேர் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் போனைக் காதில் வைத்தபடி கூண்டருகே குந்தி, எது எது என்று தேடினார். மூன்றுக்கு மேல் அடையாளம் பிடிபடவில்லை. "திரும்பச் சொல்லு, மெதுவா" என்றார். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.