குடிலில் இருந்த பவளக்கல்

மதுரை ஞானஒளிவுபுரத்து ஆனிமேரி டீச்சர் பிடித்தால் பிடித்ததுதான். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரத்துக் கடையில் வாங்கிய வெள்ளைப் பவளக்கல், முப்பது வருஷமாக அவள் கட்டுகிற கிறிஸ்துமஸ் குடிலில் மாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து வயதில் மகள் ஜெனி நீல நகப்பாலிஷில் கட்டைவிரலை முக்கி, கல்லின் வழவழப்பான அடிப்பக்கத்தில் ஒரு அச்சுப் பதித்து, அதற்கு நாலு காலும் வைத்து, "பாலன் இயேசுவுக்கு ஆமை" என்றாள். வீடே சிரித்தது.

அந்த ஜெனி வளர்ந்து நிஜ ஆமைகளையே கணக்கெடுக்கப் போய்விட்டாள். மண்டபம் கடற்கரைக்கு அப்பால் இருக்கும் பவளத் தீவுகள்தான் அவளுக்கு ஆபீஸ். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் குடிலைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள்.

"அம்மா, இது உயிரா இருந்ததும்மா. வீட்ல வச்சிருக்கதே சட்டப்படி தப்பு. ஒருநாள் எங்கூட வா, தீவையும் பாத்துட்டு, கடல்லயே போட்டுட்டு வருவோம்."

"முப்பது வருஷமா இருக்க கல்லு இப்பதான் உன் கண்ணை உறுத்துதாக்கும்? அம்புட்டு அக்கறைன்னா அந்த ஆமைக கிட்டயே போயி இரு!"

என்ன வாய் அது! ஜெனி கேக்கைக்கூடத் தொடாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பொங்கல் கழிந்ததும் காய்ச்சல் என்று படுத்தாள். நாலே நாள். ஐந்தாம் நாள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

தவக்காலம் பிறந்ததும் ஆனிமேரி கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கணவர் சவரியப்பனோடு கிளம்பினாள். மகள் கேட்டதை எப்படியாவது செய்துவிட வேண்டும். செய்தால் பிள்ளை மன்னித்துவிடுவாள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மண்டபம் படகுத்துறையில் வனக்காவலர் அழகுபாண்டி பையைச் சோதித்தார். கல்லைக் கண்டதும் முறைத்தார்.

"இதைக் கொண்டு வாரதே கேஸும்மா."

விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் இளகிவிட்டார். "ஜெனி மேடத்தோட அம்மாவா? முதல்லயே சொல்லக்கூடாதா!" அதிகாரியிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "தீவுல இறங்க முடியாதும்மா, ஆலாப் பறவைக முட்டையிட்டிருக்கு. படகுல இருந்தே போடச் சொல்லிட்டாரு. ஆனா இந்த நீலம்..." தயங்கினார். "நகப்பாலிஷும் பிளாஸ்டிக் மாதிரிதான். சுரண்டிட்டுத்தான் கடல்ல போடணும். எங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே மேடம்தான்."

ஆனிமேரி கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஐந்து வயது விரலின் அளவு அதில் அப்படியே இருந்தது.

"இவங்க கிட்டயே குடுத்துருவோம் மேரி, பத்திரமா வச்சுக்கிருவாங்க" என்றார் சவரியப்பன்.

"அவ கடல்லதாங்க போடச் சொன்னா."

அழகுபாண்டி கத்தியை எடுத்து நீட்டினார்.

"எம்புள்ள விரல்மேல கத்தி வைக்கவா?" என்று சீறினாள். தரையில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, தன் கட்டைவிரல் நகத்தாலேயே சுரண்டினாள். முதலில் கால்கள் போயின. ஆமையின் ஓடாக இருந்த விரல் அச்சைச் சுரண்டும்போது ஓவென்று அழுதாள். முடிந்ததும் அழகுபாண்டி அந்தப் பேப்பரை மடித்து, வழக்கம்போல, பிளாஸ்டிக் குப்பை டிரம்மில் போட்டுவிட்டார். டீச்சர் அந்த டிரம்மைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே படகில் ஏறினாள்.

படகு தீவைச் சுற்றிப் போனது. மணலில் வெள்ளை வெள்ளையாக ஆலாக்கள் அடைகாத்துக் கிடந்தன. ராத்திரி பங்குனி ஆமை ஒன்று முட்டையிடக் கரையேறி இறங்கிய தடம், டிராக்டர் போனது மாதிரி தெரிந்தது. இதையெல்லாம் காட்டத்தானே பிள்ளை கூப்பிட்டாள்!

கல்லைத் தண்ணீரில் விட்டாள். "வந்துட்டேன்டி ஜெனி. போட்டுட்டேன்டி." அது மறைகிற வரைக்கும் பார்த்தாள். பறவைகளின் கத்தல்தான் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மதுரைக்குத் திரும்பினார்கள். சவரியப்பன் இட்லி வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"கை கழுவிட்டு வா மேரி."

அவள் எழுந்திருக்கவில்லை. வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் நூல் அளவு நீலம். அவர் இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தார்.

"கழுவாம இருந்துருவேன்" என்றாள். "ஆனா நகம் வளருமேங்க."